பின் அறைச் சுவர்

அப்புத்தளையில் பின்னேரம் மூன்று மணி. மூன்று மணி என்றதும் வெயிலை நினைத்துக்கொள்ளாதீர்கள். அங்கே அந்நேரத்துக்கெல்லாம் மூட்டம் ஏறிவிடும். பள்ளத்திலிருந்து எழும்பி வந்து முதலில் தேயிலையை மூடும். பிறகு பாதையை. பிறகு உங்கள் கால்களை... டவுனைத் தாண்டி மலை விளிம்போடு ஒரு பாதை போகிறது. ஒரு பக்கம் கல் மதில். மறுபக்கம் ஒன்றுமில்லை. த்ரீவீலர் போகாத அளவுக்கு உடைந்த பாதை. அதில் ஒரு பெண் தனியாக நடந்து போகிறாள். தோளில் திரைச்சீலை மூட்டை.

இது நிரஞ்சலாவின் சின்னம்மா மகளுக்கு நடந்தது. நிரஞ்சலாவை உங்களுக்கே தெரியும், எதற்கும் பயப்படுகிறவள் இல்லை. இதைச் சொன்ன அன்று மட்டும் வெளிச்சத்துக்குப் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்துகொண்டுதான் சொன்னாள். நீங்களும் கொஞ்சம் கிட்ட வாருங்கள். சத்தம் போட்டுச் சொல்கிற விஷயம் இல்லை.

அந்தப் பெண்ணின் பெயர் துஷாந்தினி. மடுல்சீமைத் தோட்டத்தில் பிறந்தவள். கொழும்பில் ஒரு தளபாடக் கடையில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு, பதுளைக்கு வந்து சொந்தமாக ஒரு தொழில் தொடங்கினாள். என்ன தொழில்? விற்கப் போகிற வீட்டை விலை போகிற மாதிரி ஆக்குவது. வெடிப்பை அடைத்து, சுவருக்கு நிறம் பூசி, வாடகைக்கு எடுத்த சோபாவைப் போட்டு, மேசையில் பீங்கான் தட்டுகளை அடுக்கி, ஜாடியில் பூ வைப்பது. வாங்க வருகிறவர் கதவைத் திறந்ததும், இங்கே ஒரு குடும்பம் சந்தோசமாக இருக்கிறது என்று நினைக்க வேண்டும். யாருமே இல்லாத வீட்டில் யாரோ இருக்கிற மாதிரி காட்டுவது... யோசித்தால் அதுவே ஒரு மாதிரியான வேலைதான்.

அப்புத்தளை வீட்டு வேலையைப் பிடித்துக் கொடுத்தவர் தரகர் மொஹிதீன் நானா. வீட்டுக்காரர் சண்முகராஜா, பதுளை பஜாரில் புடவைக் கடை வைத்திருப்பவர். கட்டியது அவருடைய அப்பா. அதை மகள் அன்னலட்சுமியின் பெயருக்கு எழுதிவைத்துவிட்டுச் செத்தார். அன்னலட்சுமி, சண்முகராஜாவுக்கு மூத்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தனியாக அங்கேயே இருந்தாள். போன வருடம் அவள் இறந்ததும் வீடு தம்பியிடம் வந்தது. கொழும்பிலிருந்து ஒரு ஆள் ஹோட்டலாக்க வாங்கப் போகிறார். சனிக்கிழமை பார்க்க வருகிறார். அதற்குள் வீடு மினுங்க வேண்டும். இது நன்றாக முடிந்தால் துஷாந்தினிக்கு மேற்கொண்டு வேலை வரும். சொதப்பினால் திரும்பவும் கொழும்புக் கடைதான்.

சண்முகராஜா வீட்டைச் சுற்றிக் காட்டினார். அவள் கேட்காமலே சொன்னார்.

"அக்கா ரொம்ப நாளா படுக்கைல கெடந்தாங்க. புத்தியும் கொஞ்சம் சரியில்ல. நான்தான் கடைசி வரைக்கும் பாத்தேன்."

"ம்... பாவம் முதலாளி."

சமையலறையைத் தாண்டி ஒரு இருட்டு நடை. அதன் முனையில் ஒரு கதவு. அதற்கு முன்னால் அவர் நின்றுவிட்டார். கையை மட்டும் நீட்டினார்.

"அது சாமான் ரூம். செவத்துல கொஞ்சம் சுண்ணாம்பு உதிர்ந்திருக்கு. புட்டிப் பசை வச்சு மூடி பெயின்ட் அடிச்சிடுங்க. கதவுல இருக்கிற தாழ்ப்பாளையும் கழட்டிருங்க தங்கச்சி. ஓட்டை தெரியக் கூடாது."

அவர் போன பிறகு துஷாந்தினி அந்தக் கதவுக்குப் போனாள். கதவு பழையது. தாழ்ப்பாள் புதியது. விரல் தடிப்பு இரும்பு. வெளிப்பக்கத்தில் போட்டிருந்தது.

உள்ளே சன்னல் ஒன்றுதான். கம்பி போட்டது. வெளியிலிருந்து பலகை அடித்து மூடியிருந்தது. டார்ச்சை அடித்தாள். சுவரில் ஒரு குழி... பெரிய சோற்றுப் பானை அளவுக்கு. தரையில் ஒரு ஆள் உட்கார்ந்தால் முகம் வருமே, அந்த உயரத்தில். சுண்ணாம்பு மொத்தமாகப் போய் உள்ளே கருங்கல் தெரிந்தது. உளியால் கொத்தியிருந்தால் விளிம்பு கூராக இருக்கும். ஈரத்தில் உதிர்ந்திருந்தால் தரையில் குப்பை கிடக்கும். தரையில் ஒரு துகள் இல்லை. விளிம்பைத் தொட்டாள். வழுவழுவென்று இருந்தது. நாய் நக்கி வைத்த சட்டி மாதிரி.

ஒரு வாடை. நனைந்த சுண்ணாம்பும் புளித்த கஞ்சியும் கலந்த வாடை.

அவள் வேலையைப் பார்த்தாள். வேலை என்றால் அப்படித்தானே, பார்த்தும் பார்க்காமல் போக வேண்டியிருக்கும். டவுனிலிருந்து பெயின்ட் அடிக்க வந்த சுரேஸ் தாழ்ப்பாளைக் கழற்றினான். குழியைப் புட்டி வைத்து மூடினான். வெள்ளை அடித்தான். அடித்து முடித்ததும் அறை பளிச்சென்று, ஒன்றுமே நடக்காத அறை மாதிரி ஆகிவிட்டது. துஷாந்தினி சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துணி விரித்து, தட்டு, கரண்டி, கண்ணாடிக் கோப்பை எல்லாம் விருந்துக்கு வைக்கிற மாதிரி வைத்தாள். கதவைப் பூட்டிக்கொண்டு பஸ் பிடித்துப் பதுளைக்குப் போனாள்.

மறுநாள் காலை சுரேஸோடு வந்து கதவைத் திறந்தால், மேசையில் ஒரு நாற்காலி பின்னால் இழுபட்டிருந்தது. அதற்கு நேரே இருந்த தட்டைக் காணவில்லை.

சுரேஸ்தான் பின் அறையிலிருந்து கூப்பிட்டான்.

"அக்கா... இங்க வாங்க."

தட்டு அந்த அறைத் தரையில் இருந்தது. சுவரில் குழி திறந்திருந்தது. நேற்று வைத்த புட்டி, அடித்த வெள்ளை, ஒன்றும் இல்லை. தட்டில் மட்டும் வெள்ளைத் தூள் படிந்து, அதில் நான்கு விரல் வழித்த கோடு. வழித்து... வழித்து... நடுவில் தட்டு பளபளத்தது.

"எலியா இருக்கும் சுரேஸ்."

"எலி தட்டு கொண்டாருமா அக்கா?"

அவள் தட்டைக் கையில் எடுத்தாள். "மூடுங்க" என்றாள். அவன் மூடினான். அன்று மத்தியானமே கூலியைக்கூடக் கேட்காமல் பிரஷைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டான். அதற்குப் பிறகு போன் எடுக்கவில்லை.

மூன்று மணிக்கு மூட்டம் வந்தது. சன்னல்களில் பால் ஊற்றிய மாதிரி வெள்ளை. துஷாந்தினி முன் அறையில் திரைச்சீலை மாட்டிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் கேட்டது.

சுர்ர்ர்...

நகத்தால் பீங்கானை வழிக்கிற சத்தம்.

சுர்ர்ர்... சுர்ர்ர்...

நின்றது. ஒரு மூச்சு விடுகிற நேரம். பிறகு யாரோ விரலை வாயில் வைத்துச் சப்புகிற சத்தம். அந்தச் சத்தம் இருக்கிறதே... அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. ஸ்டூலிலிருந்து இறங்கி, கைப்பையைக்கூட எடுக்காமல் வெளியே ஓடினாள்.

கீழே இறங்குகிற படிக்கட்டில் தனலெட்சுமி நின்றாள். பக்கத்துத் தோட்டத்து லய வீட்டுக்காரி. தரை துடைத்துத் தர அவளைத்தான் துஷாந்தினி பேசி வைத்திருந்தாள். முன் வீடெல்லாம் துடைப்பாள், அந்த நடைக்குள் மட்டும் வரமாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டவள். துஷாந்தினியின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"கேட்டுச்சா?"

"என்னக்கா அது?"

தனலெட்சுமி படியில் உட்கார்ந்தாள். வீட்டைப் பார்க்காமல் பேசினாள்.

"வீட்ட விக்க மாட்டேன்னு அந்தம்மா சொல்லிருச்சு. தம்பிக்காரரு வந்து வந்து சண்டை போட்டாரு. அப்பறம் ஒரு நாளு, அக்காவுக்கு புத்தி பெசகிருச்சு, யாரும் கிட்டப் போக வேணாம், நானே சாப்பாடு குடுத்துக்கிறேன்னு சொல்லி பூட்டிட்டாரு. நான் பறிச்ச கொழுந்த நிறுவைக்குப் போட்டுட்டு அந்தப் பக்கமா வந்தேன். இதே மாதிரி மூட்டம். பின்னால சன்னல்ல ஒரு கை... கம்பிக்கு வெளிய. கையா அது? குச்சி. 'தனம், கஞ்சித் தண்ணி'ன்னு கேட்டுச்சு. வாயெல்லாம் வெள்ளையா அப்பியிருந்துச்சு. நான் லயத்துக்கு ஓடிப் போயி கஞ்சி கொண்டாந்தேன். வந்து பாத்தா பாதை முனையில அவரு காரு நிக்குது. ஆளு சன்னல்ல பலகை அடிச்சிக்கிட்டு இருக்காரு. என்னைப் பாத்து சிரிச்சாரு, புள்ள. கஞ்சிய வாங்கி, என் கண்ணு முன்னாலயே மண்ணுல ஊத்துனாரு."

"போலிசுக்குப் போகலையா?"

"போனோம். பைத்தியம்னு டாக்டர் குடுத்த துண்டு இருக்குன்னாங்க. அந்த வாரமே சவப்பொட்டி வந்துருச்சு."

மேலே வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. அதுவும் கேட்டுக்கொண்டிருக்கிற மாதிரி.

துஷாந்தினிக்கு அழுகை வந்தது. பயத்தைவிடப் பரிதாபம் முந்திவிட்டது. தனலெட்சுமி வீட்டில் சோறு வாங்கினாள். சூடான சோறு, பருப்பு, கொஞ்சம் கருவாட்டுக் குழம்பு. பகல் வெளிச்சம் இருக்கும்போதே பின் அறைக்குப் போய், அதற்குள் மறுபடி திறந்துவிட்டிருந்த குழிக்கு முன்னால் வைத்தாள். "சாப்பிடுங்கம்மா" என்றாள். வாசலில் நின்று கும்பிட்டுவிட்டு வந்துவிட்டாள்.

மறுநாள் சோறு அப்படியே இருந்தது. எறும்புகூட மொய்க்கவில்லை. குழி மட்டும் இன்னும் ஆழமாகியிருந்தது.

தனலெட்சுமி வாசலில் நின்றே அதைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினாள். "அவங்களுக்கு இப்ப சோத்துப் பசி இல்ல தங்கச்சி" என்றாள்.

அடுத்து வந்தது வெள்ளிக்கிழமை. விடிந்தால் கொழும்பு ஆள் வருகிறார். துஷாந்தினி என்ன செய்வாள்? மனசைக் கல்லாக்கிக்கொண்டு, தன் கையாலேயே புட்டி குழைத்து அந்தக் குழியை மூடினாள். மூடும்போது சுவர் சூடாக இருந்தது. காய்ச்சல்காரரின் நெற்றி மாதிரி. இரண்டாவது கைப்பிடி புட்டியை அழுத்தியபோது உள்ளேயிருந்து ஏதோ அவள் விரலைப் பற்றியது. பற்றியது என்றால் கையால் இல்லை. உதட்டால். பல் இல்லாத உதட்டால்... குழந்தை பால் குடிக்கிற மாதிரி, மெதுவாக.

கையை உருவிக்கொண்டு பின்னால் விழுந்தாள். விரலில் காயம் ஒன்றும் இல்லை. நாக்குக்கு அடியில் மட்டும் கரித்தது. துப்பினாள். வெள்ளையாக வந்தது. வாய் நிறையச் சுண்ணாம்பு.

அப்போது அவளுக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. இதை மூடுகிற கை யாருடையதாக இருந்தாலும், அது சண்முகராஜாவின் கைதான். இன்னொரு தடவை மூடினால் தனக்கு மன்னிப்பு இல்லை.

வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து சண்முகராஜாவுக்குப் போன் எடுத்தாள்.

"முதலாளி, அந்த செவரு நிக்க மாட்டேங்குது. என்னால ஏலாது."

"என்ன பேச்சு இது? ஒரு செவத்தப் பூசத் தெரியாதா ஒனக்கு? நான் வாறேன் இரு."

வந்தார். மத்தியானச் சாப்பாடு முடித்துவிட்டு வந்திருந்தார். அப்புத்தளை டவுனில் மொஹிதீன் நானாவோடு பிரியாணி. வயிற்றைத் தடவிக்கொண்டு, பல்லைக் குத்திக்கொண்டே படி ஏறினார். நல்ல பருத்த ஆள். விரல்களில் மோதிரம் சதைக்குள் புதைந்து கிடக்கும். முன் அறையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. சோபா, பூ, மேசை... "அடடே, வீடு மாதிரி இருக்கே" என்றார்.

"பின் ரூம்..." என்றாள் துஷாந்தினி.

"நானே பாக்குறேன். புட்டிக் கத்திய எங்க வச்ச?"

மூட்டம் அதற்குள் முற்றத்துக்கு வந்துவிட்டது. அவர் கையில் கத்தியையும் புட்டி டப்பாவையும் எடுத்துக்கொண்டு நடைக்குள் போனார். போகாதீங்க என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். எடுத்தவள்... சொல்லவில்லை. மண்ணில் கொட்டிய கஞ்சி நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

அவர் உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. அடித்துச் சாத்தவில்லை, நோயாளி தூங்குகிற அறையைச் சாத்துகிற மாதிரி, பக்குவமாக. பிறகு ஒரு சத்தம்.

கிறீச்... டொக்.

தாழ்ப்பாள் விழுகிற சத்தம். கேளுங்கள், அந்தக் கதவில் தாழ்ப்பாள் கிடையாது. சுரேஸ் கழற்றி, ஓட்டையை அடைத்து, மேலே பெயின்டும் அடித்தாகிவிட்டது.

"ஏய்! யாரு அது? தொற!"

துஷாந்தினி ஓடிப் போய்த் தள்ளினாள். கதவு அசையவில்லை. வெறும் பலகையில் கையை வைத்தால், தாழ்ப்பாள் இருந்த இடத்தில் மட்டும் ஐஸ் மாதிரி குளிர்.

உள்ளே அவர் ஏசினார். உதைத்தார். பிறகு குரல் இறங்கியது. ஐந்து வயசுப் பிள்ளையின் குரல் மாதிரி ஆனது.

"அக்கா... வேணாங்க்கா. அக்கா, நான் வாங்கிட்டு வாறேங்க்கா, என்ன வேணும்னு சொல்லு... பசிக்குதுக்கா. அக்கா, பசிக்குது..."

பசிக்குது என்று சொன்னது அவர். பிரியாணி வாசம் இன்னும் நடையில் நிற்கிறது. உள்ளே அந்த மனிதர் பசி பசி என்று அழுகிறார். பிறகு பேச்சு நின்றது.

சுர்ர்ர்... சுர்ர்ர்...

நகம். இந்த முறை வேகமாக, வெறியோடு. அதற்குப் பிறகு மெல்லுகிற சத்தம்.

அவள் லயத்துக்கு ஓடினாள். கத்திக் கூப்பிட்டதில் தனலெட்சுமியும் நாலைந்து ஆண்களும் கோடாரியோடு வந்தார்கள். கோடாரிக்கு வேலை இருக்கவில்லை. முதலில் வந்தவர் விரலை வைத்ததும் கதவு திறந்துகொண்டது.

சண்முகராஜா குழிக்கு முன்னால் முழங்காலில் இருந்தார். முகம் சுவருக்குள் புதைந்திருந்தது. இழுத்துத் திருப்பினார்கள். வாய் நிறையச் சுண்ணாம்பு. பத்து விரலிலும் நகம் இல்லை. ஆனால் எல்லாரும் பின்வாங்கியது அதைப் பார்த்து இல்லை. அவருடைய சட்டை... தோளிலிருந்து நழுவி விழுந்தது. காற்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. கன்னம் ஒட்டி, விலா எலும்பு துருத்தி, கழுத்தில் தோல் தொங்கியது. மோதிரங்கள் தரையில் சிதறிக் கிடந்தன.

படி ஏறி வந்து அரை மணித்தியாலம்கூட ஆகியிருக்காது.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் வேனிலேயே உயிர் போய்விட்டது. பிரேதத்தைப் பார்த்த டாக்டர் வெளியே வந்து, கூட்டத்தைப் பார்த்து ஒரே கேள்விதான் கேட்டார். கோபமாகக் கேட்டார்.

"எவ்வளவு நாளா இவருக்குச் சாப்பாடு குடுக்காம வச்சிருந்தீங்க?"

டவுனிலிருந்து கூட வந்த மொஹிதீன் நானா வாயைத் திறந்தார். மத்தியானம் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டவர். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்குப் போனார்.

செத்த வீடு பதுளையில். துஷாந்தினி போகாமல் இருந்திருக்கலாம். போகவில்லை என்றால் ஆளாளுக்கு ஒன்று பேசுவார்கள் என்று அம்மா சொன்னதால் போனாள். கூடம் நிறையச் சனம். ஊதுவத்தி, சாம்பிராணி, மாலை. பிரேதத்தைக் கழுத்து வரைக்கும் பட்டு போட்டு மூடி வைத்திருந்தார்கள். வாய்க்கரிசி போடுகிற நேரம். மனைவி போட்டாள். பிள்ளைகள் போட்டார்கள். சொந்தம், பந்தம், கடைச் சிப்பந்திகள் வீட்டுப் பெண்கள் என்று வரிசை போய்க்கொண்டே இருந்தது. துஷாந்தினி சுவரோரம் ஒதுங்கி நின்றாள். ஒரு வயசான மாமி அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"நீயும் போடும்மா. கடைசியாப் பக்கத்துல இருந்தது நீதானே."

எல்லாரும் போட்டு முடிந்திருந்தது. அவள்தான் கடைசி. அரிசியை அள்ளிக்கொண்டு குனிந்தாள்.

வாய் லேசாகத் திறந்திருந்தது. அத்தனை பேர் போட்ட அரிசி... ஒரு மணி இல்லை. நாக்குத்தான் தெரிந்தது, காய்ந்து கறுத்துப் போய். கன்னத்தில் சிந்தியிருக்கிறதா என்று பார்த்தாள். பாயில் பார்த்தாள். எங்கேயும் இல்லை.

தன் பிடியைப் போட்டாள். அரிசி வாய்க்குள் விழுந்ததைக் கண்ணால் கண்டாள். இமை மூடித் திறந்தாள். வாய் வெறுமையாக இருந்தது.

வெளியே சங்கு ஊதினார்கள். ஊதி நிறுத்திய அந்த இடைவெளியில் அவளுக்கு மட்டும் கேட்டது. பச்சரிசியை மெல்லுகிற சத்தம். நறுக்... நறுக்... பிரேதத்தின் வாயிலிருந்து இல்லை. அவளுடைய தோளுக்குப் பின்னாலிருந்து. காதோடு காதாக, நனைந்த சுண்ணாம்பு வாடையோடு. அவசரமே இல்லாமல், ருசித்து.

அவள் திரும்பவில்லை.

மெல்லுகிற சத்தம் நின்றது. விழுங்கியது. பிறகு அமைதி... சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்து காத்திருக்கிறவர்களுடைய அமைதி.

துஷாந்தினி பாத்திரத்துக்குள் கையை விட்டு, இன்னொரு பிடி அள்ளி அந்த வெறும் வாயில் போட்டாள்.